கொதிநீர் ஊற்றிய பாறை

கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கும் வீட்டுக்குப் போகிறவர்களின் கண் மீன்களைவிடச் சீக்கிரமாகப் போய் நிற்பது பாறைமேல் அடை அடையாகப் படர்ந்திருக்கும் பவளங்களில்தான். பச்சை, ஆரஞ்சு, ஊதா என்று வட்டத் தட்டுகள். ஒவ்வொரு தட்டின் ஓரத்திலும் குட்டைக் குட்டையாய் விரல்கள். நிழல் பட்டால் சுருங்கும், விளக்கு எரிந்தால் விரியும். பார்த்தவுடன் எவருக்கும் எழும் கேள்வி, இதைத் தொடலாமா என்பது. கடைக்காரரைக் கேட்டால், பல வருடங்களாக வெறுங்கையால்தான் எடுத்து வைக்கிறேன், ஒன்றும் ஆனதில்லை என்பார். நஞ்சியல் நூலைப் புரட்டினால், உயிரினங்கள் உண்டாக்கும் நஞ்சுகளில் மிகக் கொடியவற்றுள் ஒன்று இதன் உடம்பில் இருக்கலாம் என்று எழுதியிருக்கும். இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் உள்ள ஸ்டீவன்டன் என்ற ஊரில், 2018 மார்ச்சில், தொட்டியைச் சுத்தம் செய்த ஒரு வீட்டில் குடும்பத்தினர் ஆறு பேரும் உதவிக்கு வந்த தீயணைப்பு வீரர்கள் நால்வரும் மருத்துவமனைக்குப் போக வேண்டியதாயிற்று.

கடைக்காரர் சொல்வதும் நூல் சொல்வதும் எப்படி ஒரே சமயத்தில் உண்மையாக இருக்க முடியும்? இந்த நஞ்சைப் பொறுத்தவரை, பவளத்துக்குள் எவ்வளவு இருக்கிறது என்பதைக் காட்டிலும் அது எந்த வழியாக மனித உடம்புக்குள் போகிறது என்பதே விளைவைத் தீர்மானிக்கிறது. அந்த வழியைத் திறந்து விடுவது பெரும்பாலும் பவளத்தை வைத்திருப்பவரின் கைதான். அதற்கான சான்றுகளைப் பார்ப்போம்.

பொத்தான் பவளம்

விலங்கியலார் இவற்றை சோவாந்திட் என்ற பிரிவில் வைக்கிறார்கள். வளர்ப்பவர்கள் ‘சோவா’, ‘பாலி’ என்று சுருக்கிச் சொல்வார்கள். ‘பட்டன் பாலிப்’ என்ற பெயரிலும் விற்பனையாகும். தட்டின் வடிவத்தை வைத்து இங்கே பொத்தான் பவளம் என்று அழைப்போம். இவை பவளப்பாறை கட்டும் இனங்கள் அல்ல. சுண்ணாம்புக் கூடு கிடையாது. தொட்டால் தோல்போலவும் ரப்பர்போலவும் இருக்கும். கடல் சாமந்திக்கு நெருங்கிய உறவு. மன்னார் வளைகுடாப் பாறைகளிலும் வாழ்கின்றன.

வேகமாகப் பரவும், கவனிப்பு அதிகம் வேண்டாம், நிறங்கள் ஏராளம் என்பதால் புதிதாகத் தொட்டி வைப்பவர்கள் முதலில் வாங்குவது பெரும்பாலும் இவற்றைத்தான். வேகமாகப் பரவுவதில்தான் பின்னால் சிக்கல் வருகிறது. நாளடைவில் இவை பாறை முழுவதையும் மூடி, விலை உயர்ந்த மற்றப் பவளங்களை நெருக்கும். அப்போது உரிமையாளர் சுரண்டவோ வெட்டவோ கொல்லவோ முற்படுகிறார். விபத்துகளில் பெரும்பகுதி இந்தக் கட்டத்தில் நேர்ந்தவை.

ஹானாவின் குளம்

இந்த நஞ்சை அறிவியல் கண்டெடுத்தது ஹவாயில். மாவுய் தீவின் ஹானா பகுதியில், முவோலியா என்ற இடத்தின் கடலோரக் குளம் ஒன்றில் கொடிய கடற்பாசி வளர்கிறது என்றும், அதைப் பூசிய ஈட்டி குத்தினால் சாவு நிச்சயம் என்றும் அங்குள்ள மக்கள் தலைமுறைகளாகச் சொல்லி வந்தார்கள். அந்தக் குளத்தைத் தீண்டுவதற்கு விலக்கும் இருந்தது. 1961-இன் கடைசி நாளில் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிலிப் ஹெல்ஃப்ரிச் அங்கிருந்து மாதிரி எடுத்தார். அதே நாளில் அந்தப் பல்கலைக்கழகத்தின் கடல் ஆய்வு நிலையத்தின் கட்டடம் ஒன்று தீப்பிடித்து அழிந்தது. இரண்டுக்கும் தொடர்பு இல்லை என்றாலும், விலக்கை மீறியதன் பலன் என்ற பேச்சு எழுந்தது இயல்பே.

பாசி என்று ஊரார் சொன்னது உண்மையில் ஒரு பொத்தான் பவளம். ரிச்சர்ட் மூர், பால் ஷாயர் இருவரும் அதன் நஞ்சைப் பிரித்தெடுத்து 1971-இல் அறிவித்தார்கள். பெயர் பாலிடாக்சின். அது அப்போது அறியப்பட்டிருந்த இயற்கைச் சேர்மங்களில் மிகப் பெரியவற்றுள் ஒன்று. 129 கார்பன் அணுக்கள் கொண்ட அதன் அமைப்பை முழுதாகத் தீர்மானிக்க மேலும் பத்து ஆண்டுகள் ஆயின. ஹவாயில் மூரின் குழுவும் ஜப்பானில் ஹிராத்தாவின் குழுவும் தனித்தனியே 1981-இல் அதைச் செய்தன. ஹார்வர்டில் யோஷிட்டோ கிஷியின் குழு அதை ஆய்வகத்திலேயே கட்டி முடித்தது 1994-இல். வேதியியல் வரலாற்றில் இது பெரிய சாதனை. ஆனால் நம் கேள்விக்கு அதிகம் உதவுவது பழைய ஹவாய் மக்களின் அனுபவ அறிவுதான். அவர்கள் அந்த நஞ்சை ஈட்டி முனையில் பூசினார்கள். அதாவது, அது காயத்தின் வழியே இரத்தத்தில் கலக்க வேண்டும் என்று கண்டிருந்தார்கள்.

பம்பு உடைப்பெடுத்தால்

நம் உடம்பின் உயிரணுக்கள் ஒவ்வொன்றின் சவ்விலும் ஒரு சிறிய பம்பு ஓயாமல் இயங்குகிறது. சோடியத்தை வெளியே தள்ளி, பொட்டாசியத்தை உள்ளே இழுப்பது அதன் வேலை. ஒரு சுற்றில் மூன்று சோடியம் வெளியே, இரண்டு பொட்டாசியம் உள்ளே. இவை சாதாரண அணுக்களாக இல்லாமல் மின்னூட்டம் ஏறிய அணுக்களாக இருக்கும்; அயனி என்பார்கள். இந்தப் பம்பைக் கண்டறிந்ததற்காக டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கோவுக்கு 1997-இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. நரம்பில் செய்தி ஓடுவதும், இதயம் துடிப்பதும், தசை சுருங்கி விரிவதும் இந்தப் பம்பு உண்டாக்கி வைக்கும் ஏற்றத்தாழ்வை நம்பித்தான்.

பம்புக்கு உள்பக்கம் ஒரு கதவு, வெளிப்பக்கம் ஒரு கதவு. இரண்டும் ஒரே நேரத்தில் திறக்காது. ஒன்று மூடிய பிறகுதான் மற்றது திறக்கும். பாலிடாக்சின் வந்து ஒட்டிக்கொண்டால் இந்த ஒழுங்கு கெடுகிறது. இரண்டு கதவுகளும் ஒருங்கே திறந்து நிற்கின்றன. ஏற்றம் போட்டுச் சால் சாலாக மேட்டு வயலுக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கையில், ஏற்றம் நின்ற இடத்திலேயே கரை உடைத்துக்கொண்டால் எப்படியோ அப்படி. நொடிக்குச் சில நூறு அயனிகளை நகர்த்திய அதே பம்பின் வழியாக இப்போது பல லட்சம் அயனிகள் கட்டற்றுப் பாய்கின்றன. சோடியம் உள்ளே வெள்ளமாய் வருகிறது, பொட்டாசியம் வெளியேறுகிறது, தொடர்ந்து கால்சியமும் உள்ளே ஏறுகிறது. தசைநார்கள் இறுகிச் சிதைகின்றன. இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. இதயத்தின் தாளம் தவறுகிறது.

இந்தப் பம்பு எல்லா விலங்கு உயிரணுக்களிலும் உண்டு. ஆகையால் நஞ்சு எந்த உறுப்பைத் தொட்டாலும் அங்கே வேலை செய்யும்: கருவிழியில் பட்டால் கருவிழியில், மூச்சுக்குழலில் பட்டால் மூச்சுக்குழலில். வந்து சேருகிறதா என்பதுதான் கேள்வி.

ஒரு கிராமின் கணக்கு

ஒரு கட்டி பொத்தான் பவளத்தை எடுத்துக்கொள்வோம். எடை ஒரு கிராம்; நகக்கண் அளவு. நஞ்சு மிகுந்த இனங்களில், ஈரமாக நிறுத்த ஒரு கிராம் பவளத்தில் 0.5 முதல் 3.5 மில்லிகிராம் வரை நஞ்சு இருந்ததாக அமெரிக்க ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட அளவீடு காட்டுகிறது. நடுவாக 2 மில்லிகிராம் என்று வைப்போம். மில்லிகிராமை ஆயிரம் கூறாக்கினால் கிடைப்பது மைக்ரோகிராம். ஆக நம் கட்டியில் 2000 மைக்ரோகிராம்.

எலிகளின் இரத்தக்குழாயில் செலுத்தியபோது, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.15 மைக்ரோகிராம் போதுமானதாக இருந்தது பாதி எலிகளைக் கொல்ல. அந்த அளவை 60 கிலோ எடையுள்ள மனிதருக்கு அப்படியே பெருக்கினால் 9 மைக்ரோகிராம். எலிக்கணக்கை மனிதருக்கு இப்படிப் பொருத்துவது கரடுமுரடான வேலைதான். அளவின் திசையை அறிய மட்டும் இதைச் செய்கிறோம். அப்படிப் பார்த்தால் நகக்கண் அளவுக் கட்டி ஒன்றில் இருநூறுக்கும் மேற்பட்டவர்களுக்கான நஞ்சு இருக்கிறது.

இப்போது அதே நஞ்சை எலியின் வாய்வழியே கொடுத்த சோதனைகளுக்கு வருவோம். அங்கே கிலோவுக்கு 500 மைக்ரோகிராமுக்கு மேல் தேவைப்பட்டது. நம் 60 கிலோ மனிதருக்கு அது 30 மில்லிகிராம். கட்டியில் இருப்பதோ அதில் பதினைந்தில் ஒரு பங்கு. அதாவது, இரத்தத்தில் கலந்தால் இருநூறு பேருக்கான நஞ்சு, வயிற்றில் போனால் ஒருவருக்குக்கூடக் காணாது. பவளமும் நஞ்சும் அதேதான். வழி மாறியதும் விளைவு மூவாயிரம் மடங்குக்கு மேல் மாறிவிட்டது.

இதை வைத்து விழுங்கினால் பரவாயில்லை என்று முடிவு கட்டக் கூடாது. பாலிடாக்சின் சேர்ந்த மீனைத் தின்று மனிதர்கள் இறந்திருக்கிறார்கள். 1994-இல் மடகாஸ்கரில் ஒரு வகைச் சாளை மீனால் நேர்ந்த மரணம் அப்படிப்பட்டது. கணக்கு காட்டுவது, இந்த நஞ்சுக்கு உடம்பின் வாசல்கள் ஒன்றுபோல் இல்லை என்பதை. காயமில்லாத தோல் நல்ல அரண். வெட்டுக்காயம் பலவீனமான இடம். ஜெர்மனியில் விரல்களில் காயத்தோடு பொத்தான் பவளத்தைக் கையாண்ட ஒருவருக்குத் தலைசுற்றலும் கையில் பலவீனமும் தசைவலியும் வந்து, இதயத் துடிப்பின் வரைபடத்திலும் கோளாறு தெரிந்தது. 2008-இல் மருத்துவ இதழில் வெளியான நிகழ்வு இது. கண்ணும் நுரையீரலும் காயத்துக்குச் சற்றும் குறையாத வாசல்கள்.

கொதிநீர்

நஞ்சு தானாக நுரையீரலுக்குப் பறந்து போகாது. அது எளிதில் ஆவியாகும் பொருள் அன்று; அவ்வளவு பெரிய மூலக்கூறு காற்றில் மிதக்க ஏதாவது சுமந்து செல்ல வேண்டும். மேற்சொன்ன 2011 ஆய்வு தொடங்கிய கதை இங்கே பொருந்துகிறது. தொட்டியில் பெருகிவிட்ட பொத்தான் பவளங்களை ஒழிக்க நினைத்த ஒருவர், பாறையை வெளியே எடுத்து அதன்மேல் கொதிநீரை ஊற்றினார். எழுந்த ஆவியைச் சுவாசித்ததும் கடுமையான மூச்சுத்திணறலுக்கு ஆளானார்.

அவர் செய்ததில் தர்க்கம் இல்லாமல் இல்லை. ரசாயனம் ஊற்றினால் மீன் சாகும். கொதிநீர் ஆறினால் வெறும் நீர்தான். சூடு கிருமியைக் கொல்கிறது, பல நஞ்சுகளையும் சிதைக்கிறது. ஆனால் சூட்டில் சிதைபவை பெரும்பாலும் புரத நஞ்சுகள். பாலிடாக்சின் புரதம் அன்று. கொதிக்கும் நீரின் சூட்டைத் தாங்கி நிற்கும். கொதிநீர் பட்டதும் பவளத்தின் உயிரணுக்கள் வெடித்து நஞ்சு நீரில் கரைகிறது. தெறித்தெழும் நுண்திவலைகள், கண்ணுக்குத் தெரியாத நீர்த்துளிகள், அதைச் சுமந்து ஆவியோடு மேலே வருகின்றன. பாறையின்மேல் குனிந்து நின்று பார்த்துக்கொண்டிருப்பவரின் முகம் அதற்கு நேரே இருக்கிறது. நஞ்சை அழிக்கச் செய்த காரியம், நஞ்சை நுரையீரலுக்கு அனுப்பும் காரியமாகிவிட்டது.

கொதிநீர்தான் வேண்டும் என்பதில்லை. அழுத்த நீர்க்குழாயால் பீய்ச்சுவது, முரட்டுப் பிரஷ்ஷால் தேய்ப்பது, மின்சார ரம்பத்தால் பாறையை அறுப்பது எல்லாமே நுண்திவலை எழுப்பும் வேலைகள்தான். திவலையால் நோய் வரும் என்பதற்கு வீட்டுத் தொட்டிக்கு வெளியே பெரிய சான்று ஒன்று உண்டு. 2005 கோடையில் இத்தாலியின் ஜெனோவா கடற்கரையில் சுமார் 200 பேர் காய்ச்சல், இருமல், மூச்சிரைப்போடு மருத்துவ உதவி தேடினார்கள். அவர்களில் பலர் தண்ணீரில் இறங்கவே இல்லை. கரையில் கடற்காற்று வாங்கியவர்கள். அப்போது கடலில் ஆஸ்ட்ரியாப்சிஸ் என்ற நுண்பாசி பெருகியிருந்தது. அது உண்டாக்குவது பாலிடாக்சினின் நெருங்கிய உறவு நஞ்சுகளை. அலை உடைந்து எழுந்த திவலைகளே அவற்றைக் கரைக்குச் சுமந்து வந்தன.

‘எனக்கு ஒன்றும் ஆனதில்லையே’

வெறுங்கையால் பல வருடம் கையாண்ட கடைக்காரரின் அனுபவத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. அது உண்மையான சான்று. ஆனால் எதற்குச் சான்று என்பதைப் பார்க்க வேண்டும். காயமில்லாத கையால், நீருக்குள், பவளத்தை நசுக்காமல் எடுத்து வைத்தால் ஆபத்து குறைவு என்பதற்கு அது சான்று. அதே பவளத்தை நாளை உளியால் பெயர்த்தாலும் ஒன்றும் ஆகாது என்பதற்குச் சான்று ஆகாது.

இன்னொன்றும் உண்டு. எல்லாப் பொத்தான் பவளங்களிலும் நஞ்சு இல்லை. அந்த 2011 ஆய்வினர் வாஷிங்டன் வட்டாரக் கடைகளில் வாங்கிச் சோதித்த மாதிரிகளில் சிலவற்றில் மிக அதிகம் இருந்தது. வேறு சிலவற்றில் மிகக் குறைவு, அல்லது கண்டறிய முடியாத அளவு. பாலிதோவா என்ற பேரினத்தைச் சேர்ந்த சில வகைகள்தான் கொடியவை. பழுப்பு நிறத்தில், தட்டு பெரிதாக இருக்கும் வகைகளில் ஜாக்கிரதை தேவை என்று அனுபவசாலிகள் சொல்வது ஓரளவு உதவும். என்றாலும் மரபணுவைப் பார்த்துத்தான் ஆய்வாளர்கள் இனத்தை உறுதி செய்ய முடிந்தது. கடையில் எழுதி ஒட்டும் பெயர்களோ நிறத்துக்காகச் சூட்டிய வணிகப் பெயர்கள். ஆகவே ஒருவர் வருடக்கணக்கில் தப்பியது அவரிடம் இருந்த வகையாலும் ஆகலாம், செய்த வேலையாலும் ஆகலாம். கண்ணால் பிரித்தறிய முடியாத இடத்தில், எல்லாவற்றையும் நஞ்சுள்ளதாகவே நினைத்துக் கையாள்வதுதான் புத்திசாலித்தனம்.

எதிர்த்திசையிலிருந்தும் ஒரு வாதம் வரும். அது இன்னும் கனமானது. மருத்துவமனைக்குப் போனவர்களின் இரத்தத்தில் பாலிடாக்சினைக் காட்டினார்களா? பெரும்பாலும் இல்லை. மருத்துவமனைகளில் அதற்கு வழக்கமான பரிசோதனை கிடையாது. காய்ச்சலும் நடுக்கமும் தொட்டி அழுக்கிலுள்ள பாக்டீரியாவின் பொருள்களாலும் வரலாம். இந்த ஐயம் நியாயமானது. ஒவ்வொரு நிகழ்விலும் காரணம் இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நிகழ்வுகளை அடுக்கிப் பார்த்தால் ஒரே மாதிரியான வடிவம் தெரிகிறது. அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரில் 2014 ஆகஸ்டில் ஒருவர் தொட்டிக்குள் பொத்தான் பவளம் வைத்த ஏழெட்டு மணி நேரத்தில் வாயில் கசப்பான உலோகச் சுவை, காய்ச்சல், இருமல், தசைவலி என்று அவசர சிகிச்சைக்கு வந்தார். உலோகச் சுவை சாதாரண காய்ச்சலின் அடையாளம் அன்று. பாலிடாக்சின் நிகழ்வுகளில் அது திரும்பத் திரும்ப வருகிறது. கொதிநீர் ஊற்றியவரின் நிகழ்வில் சந்தேகத்துக்குரிய பவளத்திலேயே நஞ்சை அளந்து காட்டினார்கள். ஜெனோவாவில் நூற்றுக்கணக்கானோர் ஒரே சமயத்தில் பாதிக்கப்பட்டார்கள். இத்தனையும் தற்செயல் என்பதற்கு அதிகச் சான்று வேண்டும்.

கையாளும் முறை

வழிதான் ஆபத்தைத் தீர்மானிக்கிறது என்றால் பாதுகாப்பு முறையும் அதிலிருந்தே பிறக்கும். நுரையீரலை முதலில் காப்போம். உயிருள்ள பாறையை எந்தக் காரணத்துக்காகவும் கொதிக்க வைக்கக் கூடாது, கொதிநீர் ஊற்றக் கூடாது, மைக்ரோவேவ் அடுப்பில் வைக்கக் கூடாது, அழுத்த நீரால் பீய்ச்சக் கூடாது. வெளியே எடுத்துக் காயப்போட்டுச் சுரண்டுவதும் வேண்டாம். காய்ந்த துகள் பறக்கும். தேய்க்கும் வேலை இருந்தால் நீருக்கடியிலேயே, ஜன்னல்களைத் திறந்துவைத்துச் செய்ய வேண்டும். குழந்தைகளும் வளர்ப்பு நாயும் அந்த அறையில் இருக்கக் கூடாது. துணி முகக்கவசத்தை நம்பி இந்த விதியைத் தளர்த்த முடியாது. அது நுண்திவலைகளைத் தடுக்கப் போதாது.

அடுத்து கண். பொத்தான் பவளத்தின் அடிப்பகுதியைப் பிளேடால் வெட்டும்போது உள்ளே அடைபட்ட நீர் சட்டென்று பீறிட்டு அடிக்கும். அது கருவிழியில் பட்டுப் புண்ணாகி, சிலருக்குக் கருவிழியே துளைபட்ட நிகழ்வுகள் கண் மருத்துவ இதழ்களில் உண்டு. பக்கவாட்டையும் மூடும் பாதுகாப்புக் கண்ணாடி அதனால்தான் அவசியம். மூக்குக்கண்ணாடி மட்டும் போதாது. பவளத்தைத் தொட்ட கையால் கண்ணைக் கசக்கினாலும் இதே கதிதான். கைக்கு நீளமான நைட்ரைல் கையுறை போட வேண்டும். விரலில் வெட்டோ நகச்சுற்றோ இருந்தால் அன்றைக்கு வேலையைத் தள்ளிப்போடுவது நல்லது. பாறையின் கூர்முனை கையுறையைக் கிழித்துத் தோலையும் கிழிக்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பவளத்தைக் கொன்றே ஆக வேண்டுமென்றால் சூட்டை விட்டு ரசாயனத்துக்கு வர வேண்டும். பாலிடாக்சினைச் சிதைப்பது சோடியம் ஹைப்போகுளோரைட், அதாவது வீட்டில் வெண்மையாக்கப் பயன்படும் பிளீச் திரவம். அலாஸ்கா நிகழ்வுகளை ஒட்டி அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையினர் வெளியிட்ட அறிவுரை இதுதான்: 5 முதல் 6 சதவீத ஹைப்போகுளோரைட் உள்ள திரவம் ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு, அப்போதைக்கப்போது கலந்தது, அதில் பாறையை அரை மணி நேரம் ஊறவிட வேண்டும். வாளி, கத்தி, கையுறை எல்லாம் அதே திரவத்தில் ஊறிய பிறகே குப்பைக்குப் போக வேண்டும். இதை மீன் இருக்கும் தொட்டிக்குள் செய்யக் கூடாது. தனி வாளியில், திறந்த வெளியில் செய்ய வேண்டும். அமிலம் கலந்த கழிவறைத் துப்புரவுத் திரவத்தோடு பிளீச்சைக் கலந்தால் குளோரின் வாயு எழும். அது தனி ஆபத்து.

இவ்வளவு தொல்லையென்றால் வளர்க்காமலே விட்டுவிடலாமே என்று கேட்கலாம். சிறு குழந்தைகள் உள்ள வீட்டுக்கு அதுவே என் பரிந்துரையும்கூட. மற்றவர்களுக்கு, பாறையைச் சும்மா விட்டால் ஆபத்து மிகக் குறைவு என்பதே சான்றுகள் காட்டும் நிலை. படர்வதைத் தடுக்கத் தொட்டிக்குள் அதைத் தனிப் பாறையில், மற்றவற்றைத் தொடாமல் மணலில் வைப்பவர்கள் உண்டு. பின்னால் சுரண்ட வேண்டிய அவசியம் வராமல் முதலிலேயே தடுப்பது அது.

மருத்துவரிடம்

பாலிடாக்சினுக்கு முறிமருந்து இல்லை. மூச்சுக்கு உதவுவது, இதயத்தைக் கவனிப்பது, தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்காமல் நீரேற்றுவது என்று உடம்பைத் தாங்கிப் பிடிப்பதுதான் சிகிச்சை. அறிகுறிகள் சில மணி நேரம் கழித்தே முற்றுவதுண்டு. அதற்குள் சாதாரண சளிக்காய்ச்சல் என்று நினைத்து மாத்திரை போட்டுப் படுத்துவிடுகிறார்கள். வீட்டில் ஒருவருக்குமேல் ஒரே நாளில் இப்படி ஆனால், முதலில் எல்லோரும் வெளியேறி அறைக்குக் காற்றோட்டம் தர வேண்டும். கண்ணில் பட்டிருந்தால் சுத்தமான நீரால் தொடர்ந்து கழுவிக்கொண்டே கண் மருத்துவரிடம் போக வேண்டும். மருத்துவர் தொட்டியைப் பற்றித் தாமாகக் கேட்க மாட்டார், கேட்கத் தோன்றாது. ஆகவே கடல்நீர்த் தொட்டி, பவளம், பாலிடாக்சின் என்ற மூன்று சொற்களையும், பாறையை என்ன செய்தோம், எத்தனை மணிக்குச் செய்தோம் என்பதையும் நாமே முந்திக்கொண்டு சொல்லிவிட வேண்டும். ஆம்புலன்ஸில் வருபவர்களுக்கும் இது பொருந்தும். ஸ்டீவன்டனில் பாதிக்கப்பட்ட பத்துப் பேரில் நால்வர் உதவிக்கு வந்தவர்கள்.